நங்கூரக் கயிற்றின் நான்காவது சுற்று

அத்தியாயம் 7

“சாகப்போறவன் ‘கலம்’, ‘தோழரே’ன்னெல்லாம் எழுதுவானா சார்? எங்க ஊர்ல சாகப்போறவன் சைக்கிளை யாருக்குக் குடுக்கணும்னுதான் எழுதி வைப்பான்,” என்றேன்.

“நீ ரோட்டப் பாத்து ஓட்டு பாண்டி. நம்ம ரெண்டு பேரும் இன்னும் எதுவும் எழுதி வைக்கல்ல,” என்றார் ஞானையா.

அபுதாபியிலிருந்து ருவைஸ் இருநூற்று நாற்பது கிலோமீட்டர். பிக்கப்பின் ஏ.சி. பாதி வழியிலேயே உயிரை விட்டிருந்தது. ஆகஸ்ட் மாத வெயிலில் ஜன்னலை இறக்கினால் முகத்தில் அடுப்பு, ஏற்றினால் உடம்பெல்லாம் இட்லிச் சட்டி. ஞானையா மட்டும் அதைப் பற்றிக் கவலைப்படாமல் மடியில் ஒரு ஜெராக்ஸ் தாளை வைத்துக்கொண்டு முனகிக்கொண்டே வந்தார்.

அவர் முஸஃப்பாவில் டைப்பிங் சென்டர் நடத்துகிறார். விசா, விபத்து, விவாகரத்து என்று எது வந்தாலும் அரபியிலும் ஆங்கிலத்திலும் படிவம் அடித்துக் கொடுப்பார். அதற்கு முன்னால், இளம் வயதில், குருமடத்தில் ஏழு வருடம் லத்தீன் படித்துவிட்டு சாமியார் ஆகாமல் வெளியே வந்தவர். முப்பது வருடம் அடுத்தவர் வாக்குமூலங்களை அடித்ததில் எந்த வரியில் பொய் இருக்கிறது என்று முகர்ந்தே சொல்வார். நான் பாண்டித்துரை, சிவகங்கைப் பக்கம். அவருக்கு டிரைவர், டீ வாங்குகிறவன், திட்டு வாங்குகிறவன். துப்பறிய எங்களுக்கு லைசென்ஸ் கிடையாது. போட்டோகாப்பி எடுக்க உண்டு. அதை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது.

இந்த முறை எங்களைக் கூப்பிட்டவர் சவூதியில், தம்மாமில் நர்ஸாக இருக்கும் அருள்செல்வி. அவருடைய கணவர் ஆல்டோ, ருவைஸில் ஒரு சப்-காண்ட்ராக்ட் கம்பெனியின் டெக்னீசியன். பன்னிரண்டு நாள் முன்பு, கம்ப்ரஸர் மேடையிலிருந்து முப்பது அடி கீழே விழுந்து இறந்தார். உடம்பில் மாட்டும் பாதுகாப்பு வாரின் கொக்கியைத் தானே கழற்றிவிட்டுக் குதித்தார் என்று கம்பெனி அறிக்கை சொல்லியது. ஆதாரம் இரண்டு: லாக்கரில் கிடைத்த ஒரு தாள், ஒரு நேரடி சாட்சியின் வாக்குமூலம். சாட்சியின் பெயரை மட்டும் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். நாளைக் காலை விமானத்தில் சவப்பெட்டி ஊருக்குப் போகிறது, தற்கொலை என்ற சொல்லும் அதோடு போகிறது.

அருள்செல்வி முதல் நாள் போனில் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. “நஷ்டஈடு ஒண்ணும் எனக்கு வேண்டாம் சார். முந்தின நாள் ராத்திரி சண்ட போட்டேன். மூணாவது தடவ லீவு கேன்சல்னு சொன்னாரு. ‘நீரு இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான்’னு சொல்லிட்டு போனை வச்சேன். அவரு எனக்க வாயாலதான் செத்தாரா? அது மட்டும் தெரியணும்.”

அந்தக் கேள்விக்குத்தான் இருநூற்று நாற்பது கிலோமீட்டர்.

கேம்ப் வாசலில் விஜின் காத்திருந்தான். அருள்செல்வியின் தம்பி, இருபத்தாறு வயது. கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தவனுக்கு விசா வாங்கிக் கொடுத்து, சாரம் கட்டும் வேலையில் சேர்த்துவிட்டதே ஆல்டோதான். பெட்டியோடு ஊருக்குப் போக கம்பெனியே இவனுக்கு லீவும் டிக்கெட்டும் கொடுத்திருந்தது. கண் வீங்கியிருந்தது. தோளில் ஆல்டோவின் பை.

“அத்தானுக்க சாமான் எல்லாம் இதுல இருக்கு சார். போலீஸ் பாத்துட்டுத் திருப்பித் தந்தாச்சு,” என்று பின்சீட்டில் ஏறினான்.

ஞானையா பையைப் பிரித்தார். இரண்டு சட்டை, ஒரு ஜெபமாலை, பிள்ளைகளுக்கு வாங்கிய கலர் பென்சில், பாதுகாப்பு ஷூ. ஷூவில் நாடா இல்லை, ஒட்டுகிற பட்டைதான் இருந்தது.

“டெக்னீசியன் ஷூவா, எல்.கே.ஜி. ஷூவா?” என்றேன்.

விஜின் அழுகைக்கு நடுவே சிரித்தான். “அத்தானுக்கு முடிச்சு போட வராது அண்ணே. ரப்பர் வெட்டுற வீட்டு ஆளு, கடல் பக்கமே வந்ததில்ல. தாலி கெட்டும்போது முடிச்சு விழல்ல. எங்க அக்காவே கையப் பின்னால கொண்டுபோய் முடிச்சு போட்டா. சாமியாரு சிரிச்சிட்டாரு.”

பையின் அடியில் பழுப்பேறிய போட்டோகாப்பிக் கத்தை ஒன்று இருந்தது. ஞானையா அதைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இது லத்தீன்.”

“போலீஸு அத மருந்துச் சீட்டுன்னு நெனச்சாங்க,” என்றான் விஜின்.

“ஆல்டோ குருமடத்துல படிச்சானா?”

“ரெண்டு வருசம். அப்புறம் அக்காவப் பாத்துட்டாரு.”

வண்டி மெயின் ரோட்டை நோக்கிப் போக, ஞானையா விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். மூன்றாவது பாட்டுக்கு வந்ததும் மடியிலிருந்த ஜெராக்ஸை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்தார். கம்பெனி தற்கொலைக் கடிதம் என்று சொன்ன தாள் அது. ஆல்டோவின் கையெழுத்தில் நாலே வரி.

*அவிழ்த்துவிடுங்கள் என்னை, தோழரே;*
*அந்தப் பாட்டுக்கு நான் போகிறேன்.*
*கரையும் வேண்டாம், கலமும் வேண்டாம்,*
*கடல் என்னை எடுத்துக்கொள்ளட்டும்.*

“மூலையில மூணுன்னு நம்பர் போட்டிருக்கு பாத்தியா? பன்னெண்டு நாளா அத எவனும் கண்டுக்கல்ல. இது மூணாவது பாட்டு. எண்ணூறு வருசத்துக்கு முந்தி ஏதோ மடத்துச் சாமியாரு எழுதினத ஆல்டோ தமிழ்ல மாத்தியிருக்கான். அவ்வளவுதான்.”

“மடத்துல இருந்தவருக்குக் கடல் எதுக்கு சார்?”

“அந்தக் காலத்துப் பாட்டு முழுக்கக் கடலாக்கும். உலகம்னா கடல். சபைன்னா கப்பல். நங்கூரம்னா நம்பிக்கை. மாதா கடலுக்க மேல நிக்கிய நட்சத்திரம். பாய்மரத்துல குறுக்குக் கட்டை இருக்குல்ல, அதப் பாத்தா என்ன தெரியும்?”

“சிலுவை.”

“அதான். கடல்ல மயக்குற பாட்டுக் கேக்கும், கேட்டவன் குதிச்சிருவான். அதனால கப்பக்காரன் தன்ன அந்த மரத்தோட கெட்டிப்போடச் சொல்லுவான். மரத்தோட கெட்டினா சிலுவையோட கெட்டின மாதிரி. பாட்டுக் கேட்டதும் ‘அவிழ்த்துவிடுங்க’ன்னு கெஞ்சுவான். கம்பெனிக்குக் கிடைச்சது அந்தக் கெஞ்சல். அடுத்த பாட்டு இங்க இருக்கு, கேளு.” ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார்.

*துடுப்புப் பிடித்தவர் கேட்கவில்லை;*
*காதில் மெழுகு, கண் மட்டும் திறந்திருந்தது.*
*இன்னொரு சுற்றுக் கயிறு இறுக்கினார்கள்;*
*மரம் அவனைச் சுமந்தது, கரை சேர்ந்தான்.*

ஞானையா தாளின் ஓரத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். “மெழுகுங்கிற வார்த்தைக்குப் பக்கத்துல பென்சில்ல ஏதோ எழுதியிருக்கான். ‘மெழுகு? நம்ம மஞ்சள் பஞ்சு’ன்னு.”

“மஞ்சள் பஞ்சுன்னா?” என்றேன்.

“இயர் பிளக் அண்ணே. சைட்ல காதுல வைக்கியது,” என்றான் விஜின். “சார், கஃபிட்டேரியா வந்தாச்சு. நான் டீ சொல்லிட்டு வாறேன். தலைவலி.”

வண்டி நிற்பதற்குள் இறங்கிவிட்டான். துக்கத்தில் இருக்கிறவன் என்று நானும் விட்டுவிட்டேன். துப்பறிகிறவனுக்கு உதவியாளன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருப்பது அந்த ஒரு நிமிடத்தை நினைக்கும்போதுதான்.

மணி ஒன்று. வெளி வேலைக்குத் தடையுள்ள மதிய நேரம் என்பதால் ரோட்டில் ஆளே இல்லை. உள்ளே ஓரத்து மேசையில், எங்களை அங்கே வரச் சொல்லியிருந்த கம்பெனி சேஃப்டி ஆபீசர் கோபாலசாமி உட்கார்ந்திருந்தார். திருப்பூர்க்காரர். மனசு கேட்காமல் ஒளிந்து வந்து பேசுகிறவர்களுக்கு ஒரு முகம் உண்டு. அந்த முகத்தோடு, கவுண்டரில் நின்ற விஜினைப் பார்த்ததும் பாதி எழுந்துவிட்டார்.

“அந்தப் பையனை எதுக்குங்க கூட்டிட்டு வந்தீங்க?”

“செத்தவனுக்க மச்சினன். பைய எடுத்துக் குடுக்க வந்தான்,” என்றார் ஞானையா. “டேய் விஜின், நாங்க பேசி முடிக்கிற வரைக்கும் அங்கேயே இரு.”

கோபாலசாமி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, விஜினுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

“ஒரே ஒரு கேள்வி,” என்றார் ஞானையா. “கம்ப்ரஸர் மேடையில காதுக்குப் பஞ்சு வைக்கணுமா?”

“பஞ்சு மட்டுமில்லீங்க, அதுக்கு மேல காதை மூடுற மஃப்பும் போடோணும். பக்கத்துல வெடி வெச்சாலும் கேக்காது. கையைக் காட்டித்தான் பேசிக்குவாங்க.”

ஞானையா அறிக்கையை விரித்து ஒரு வரியில் நகத்தை வைத்தார். “உங்க சாட்சி சொல்லியிருக்கான். ‘எனக்கு இனி ஒண்ணும் வேண்டாம், போறேன் என்று அவர் சொன்னதைக் கேட்டேன்.’ எந்தக் காதால கேட்டான்?”

கோபாலசாமி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“எண்ணூறு வருசத்துக்கு முந்தி ஒரு சாமியாருக்குத் தெரிஞ்சது உங்க சேஃப்டி டிபார்ட்மெண்டுக்குத் தெரியலையே சார்,” என்றேன். “அவரு காதை அடைச்சவனைச் சாட்சிக்குக் கூப்பிடல.”

“நான் அப்பவே கேட்டனுங்க. ஃபோர்மேன் ‘கலாஸ், ஃபைல் க்ளோஸ்’னுட்டான். எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க. பேர் மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க.” அவர் போனை எடுத்தார். “இந்த போட்டோ அறிக்கையில போகலை. விழுந்த எடத்துல நான் எடுத்தது. முகம் இல்லீங்க, வார் மட்டுந்தான். என்னமோ உறுத்துச்சு. என்னன்னு சொல்லத் தெரியலை.”

ஹார்னஸ் என்று அவர்கள் சொல்லும் உடம்பு வார். ஆரஞ்சு நிறம், புத்தம் புதுசு. இடுப்பருகே மிச்சமிருந்த வார் நுனி தொங்காமல் இருக்க ஒரு முடிச்சு. சாதாரண முடிச்சு இல்லை. சுற்றிச் சுற்றி இறுக்கி, நுனியை உள்ளே வாங்கிய முடிச்சு. படத்தைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டு ஞானையா அதைப் பெரிதாக்கினார்.

“ஷூ நாடா கெட்டத் தெரியாதவன் இதப் போட்டிருக்க மாட்டான்,” என்றார் மெதுவாக. “இந்த வாரை ஆல்டோ உடம்புல வேற ஆளு மாட்டியிருக்கான். விழுந்த பெறவு. முப்பதடி விழுந்த வார்ல ஒரு கீறல்கூட இல்லியே.”

கோபாலசாமி எழுந்து, டீ குடிக்காமல், பின்வாசல் வழியாகப் போய்விட்டார். நல்லவர்தான். பின்வாசல் இருக்கும் வரைக்கும் நல்லவராக இருக்க முடிந்த மனிதர்.

“எங்க கரையில நங்கூரக் கயிறு கெட்டுற கெட்டு இது,” என்றார் ஞானையா. “கம்பெனிக்காரன் எவனுக்கும் இது தெரியாது. மூணு சுத்து. பிதாவுக்கு ஒண்ணு, சுதனுக்கு ஒண்ணு, இஸ்பிரீத்து சாந்துவுக்கு ஒண்ணு. நங்கூரம் போடுறப்போ வாயில சொல்லிக்கிட்டேதான் கெட்டுவாங்க.” அவர் விரல் திரையில் நின்றது. “ஆனா இதுல நாலு இருக்கு.”

“ஒண்ணு கொசுறா இருக்கும்.”

“கயித்துல எவனும் கொசுறு குடுக்க மாட்டான். நாலு சுத்துப் போடுற ஊரு எதுன்னு தெரிஞ்சா ஆளப் புடிச்சிரலாம். அருள்செல்விக்குப் படத்த அனுப்புறேன். கடக்கரைப் பொண்ணு, தெரிஞ்சிருக்கும்.”

வீடியோவில் அருள்செல்வி வந்தார். டியூட்டி உடுப்பு, பின்னால் மருந்து அலமாரி. வயது முப்பத்திரண்டு என்று சொன்னால் நம்ப முடியாத முகம். ஞானையா நிதானமாகச் சொன்னார்: தாள் கடிதம் இல்லை, மொழிபெயர்ப்பு. சாட்சி கேட்டிருக்கவே முடியாது. வாரை மாட்டியது வேறு ஆள்.

“அப்ப அவரு குதிக்கல்லியா?”

“குதிக்கல்ல மோளே. விழுந்திருக்காரு. போட்டோவப் பாரு. நாலு சுத்து யாரு போடுவா?”

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நெட்வொர்க் போய்விட்டதோ என்று நான் நினைத்தபோது, பின்னால் யாரோ கூப்பிட்டதற்கு அவர் தலையைத் திருப்பாமலே கையை மட்டும் அசைத்தார்.

“ஊரு இல்ல சார்,” என்றார். “வீடு. எங்களுக்க அப்பா ஒருதடவ புயல்ல மாட்டிட்டு, வானத்துல ஒத்த நட்சத்திரத்தப் பாத்துக்கிட்டே கரைக்கு வந்தாரு. அதுக்குப் பெறவு நாலாவதா மாதாவுக்கு ஒரு சுத்துப் போடுவாரு. கயிறு வீணாகுதுன்னு ஊரே கேலி பண்ணும். அப்பா செத்தாச்சு. இப்ப அதப் போடத் தெரிஞ்சது ரெண்டே பேரு. ஒண்ணு நான்.”

நானும் ஞானையாவும் ஒரே நேரத்தில் திரும்பினோம். விஜின் மூன்று டீ கப்புகளோடு எங்கள் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது.

“விஜின் அங்க நிக்கானா சார்? போன அவனுக்கு நேர திருப்புங்க.”

ஞானையா திருப்பினார். விஜின் கப்புகளை மேசையில் வைத்தான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

“நீயாலே?”

“எக்கா…”

“நீயான்னு கேட்டேன்.”

“அத்தானுக்க கொக்கியில ஸ்பிரிங் ஒடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு,” என்றான் விஜின். என்னைப் பார்த்துச் சொன்னான், போனைப் பார்க்கவில்லை. “தெனமும் கேட்டாரு. ஃபோர்மேன் ‘மாஃபி, கல் ஆயேகா’ம்பான், இப்ப இல்ல, நாளைக்கு வரும்னு. அன்னைக்கு அந்த வாரைக் கழத்தி வச்சிட்டு, வார் இல்லாமலே ஏறச் சொன்னான். அத்தானுக்குக் கால் வழுக்கிடுச்சு. நான் கீழ ஓடி வந்தப்போ மூச்சு இல்ல. ஃபோர்மேன் ஓடிப்போய் புது வார் ஒண்ண கவரோட கொண்டு வந்து எனக்க கையில தந்தான். ஒரு வாரமா இல்லாதது ரெண்டு நிமிசத்துல வந்துட்டு. ‘ஜல்தி மாட்டு, இல்லாட்டா உன்னத்தான் புடிப்பாங்க’ன்னான். மாட்டினேன். வார் நுனி தொங்கிச்சு. கை தானா கெட்டிட்டு. கெட்டும்போது அப்பா மாதிரியே பேரு சொன்னேன் எக்கா. நாலு பேரும் சொன்னேன். அத்தானுக்கு அது மட்டுந்தான் என்னால செய்ய முடிஞ்சது.”

“சாட்சியும் நீதானா?” என்றார் ஞானையா.

“இங்கிலீஷ்ல அடிச்சு வச்சிருந்தான். கையெழுத்து மட்டும் போட்டேன்.”

எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. கை எழவில்லை. ஆறு வருடம் முன்பு ஒரு சைட்டில், வெயிலில் சுருண்டு விழுந்த மாயாண்டிக்கு வேளாவேளைக்குத் தண்ணீர் கொடுத்தார்கள் என்ற தாளில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஞானையாவுக்கு அது தெரியும், ஒரு நாளும் கேட்டதில்லை.

போனில் அருள்செல்வி அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“பன்னெண்டு நாளா தெனமும் எனக்கு போன் போட்ட,” என்றார். “நான்தான் கொன்னுட்டேன், எனக்க வாய்தான் கொன்னுட்டுன்னு சொல்லிச் சொல்லி அழுதேன். மாமியாரு ஊர்ல அதையே சொல்லுதாங்க. பிள்ளைங்க காதுலயும் விழுந்தாச்சு. நீ கேட்டுக்கிட்டே இருந்த. ‘விதி எக்கா’ன்ன. ‘இல்ல எக்கா, உன்னால இல்ல’ன்னு ஒருதடவ சொன்னா உனக்க விசா போயிருமாலே?”

விஜின் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“சார், அவன எழுதச் சொல்லுங்க.”

ஞானையா போனை நோக்கிக் குனிந்தார். “யோசிச்சுக்கோம்மா. இவன் எழுதினா ஃபோர்மேன் மாட்டுவான். ஆனா இவனும் மாட்டுவான். பொய் சாட்சி, அதோட செத்த உடம்புல கை வச்சது. ஜெயில் நிச்சயம். பெட்டி கிளம்புறதுக்கு முன்னால போலீஸ்ல குடுத்தாத்தான் அந்தச் சொல்ல மாத்த முடியும். இன்னைக்கே ஆகணும். உனக்கு இருக்கியது ஒரே தம்பி.”

அருள்செல்வி பக்கத்தில் ஏதோ மெஷின் விட்டு விட்டுக் கத்தியது. அவர் கையை நீட்டி அதை அமர்த்தினார். வேலை பழகிய கை, யோசிக்காமல் செய்தது.

“எழுதட்டும்,” என்றார். “தமிழ்ல எழுதட்டும். அப்புறம் நீங்க அரபியில அடிச்சுக்குங்க. அவன் என்ன எழுதினான்னு அவனுக்கே தெரியணும்.”

நான் வண்டியிலிருந்து வெள்ளைத் தாளும் அட்டையும் எடுத்து வந்தேன். ஞானையா பேனாவைத் திறந்து நீட்டினார். விஜின் சட்டைப் பையிலிருந்து மடித்த டிக்கெட்டை எடுத்து, அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு, முதன்முறையாகப் போனை நேராகப் பார்த்தான்.

“எக்கா, நாளைக்கு அத்தான ஊருக்குக் கொண்டு வந்து சேத்துட்டு, திரும்பி வந்து ஜெயிலுக்குப் போறேன். சத்தியமா வந்திருவேன்.”

“நீ வரண்டாம்,” என்றார் அருள்செல்வி. “அவருக்க பக்கத்துல நீ இருக்கண்டாம். தனியா வரட்டும். நான் ஊருக்குப் போய் எறக்கிக்கிறேன்.”

திரை அணைந்தது. டீயில் ஆடை படிந்திருந்தது. விஜின் டிக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தான்.